பழைய டோசரின் செயின் தொய்கிறது: திருத்தலாமா, மாற்ற வேண்டுமா?

கொடிகாமத்தில் ஓடும் பழைய டி4 டோசரின் (மண் தள்ளும் புல்டோசர்) செயின் எவ்வளவு இறுக்கினாலும் தொய்கிறது, புதுசு வாங்காமல் திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் திருத்தலாம், ஆனால் முதலில் அளந்து பாருங்கள்.

செயின் நீளுவது இரும்பு இழுபடுவதால் அல்ல. பின்னும் (இணைப்புகளைக் கோர்க்கும் இரும்புத் தண்டு) அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் (குழாய்) ஒரே பக்கத்தில் தேய்ந்து, மூட்டுக்கு மூட்டு இடைவெளி விழுவதால்தான். செயினை விறைப்பாக இழுத்து வைத்து, நாலு இணைப்பின் நீளத்தை ஒரு பின்னிலிருந்து மற்றப் பின் வரை அளந்து, புதுசின் அளவோடு ஒப்பிடுங்கள். புஷ் வெடிக்க முன்னரே என்றால், பிரஸ்ஸில் (அழுத்தித் தள்ளும் இயந்திரம்) கழற்றி இரண்டையும் 180 பாகை திருப்பிப் பூட்டலாம், தேயாத பக்கம் வேலைக்கு வரும். சம்மட்டியால் அடித்துக் கழற்றவே வேண்டாம். இணைப்பின் துளை பழுதானால் அந்தப் பின் அதில் இறுகிப் பிடிக்காது.

செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல் கூராகியிருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் திருத்திய செயினையும் அது தின்றுவிடும். றோலர் (செயின்மேல் உருளும் உருளை), ஐட்லர் (செயினைத் தாங்கும் முன்சக்கரம்) ஆகியவற்றின் ஓடுதளத்தை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடையலாம். அவற்றில் எண்ணெய் கசிந்தால் சீல் வளையத்தை மாற்றாமல் விடாதீர்கள்.

மணற்காடு பக்க மணலில் ஓட்டுவதென்றால் செயினின் வெளியே கிறீஸ் பூசவே கூடாது. மணல் ஒட்டி, அரைக்கும் பசையாகிவிடும். அளவுக்கு மேல் இறுக்குவதும் தேய்மானத்தைக் கூட்டும்.

அப்புறம், ஐட்லருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங் கடும் அழுத்தத்தில் இருக்கும். அதற்கான கருவி இல்லாமல் கழற்றினால் உயிருக்கே ஆபத்து.