கார் ஏசியில் கூலிங் குறைந்துவிட்டது. கேஸ் ஏற்றச் சொல்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே எதையெல்லாம் பார்க்கலாம்?

கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. போன கோடையில் ஏற்றியது இந்தக் கோடைக்குள் இறங்கிவிட்டது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மறுபடி ஏற்றுவது வீண் செலவு.

கூலிங் எப்போது குறைகிறது என்று முதலில் கவனியுங்கள். வண்டி ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகிறதா? அப்படியானால் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரையும் அதன் ஃபேனையும்தான் சந்தேகப்பட வேண்டும். ஓட்டத்தில் எதிர்க்காற்றே சூட்டை வாங்கிக்கொள்ளும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து, ஃபேன் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சுற்றவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் விடும் சின்ன ஸ்விட்ச்) இரண்டையும் பாருங்கள். ஃப்யூஸ் பாக்ஸில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபேன் சுற்றினால், கண்டென்சரில் புழுதியும் பூச்சியும் அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இஞ்சின் ஆறிய பிறகு சாதாரணத் தண்ணீர்க் குழாயால் மெதுவாகக் கழுவலாம். பிரஷர் வாஷர் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும்.

காற்று ஜில்லென்றுதான் வருகிறது, ஆனால் வேகமே இல்லை என்றால் கேபின் ஃபில்டர். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவைப்படாது. வேப்பமரத்தடியில் நிறுத்துகிற வண்டி என்றால் உள்ளே ஒரு கைப்பிடிச் சருகு நிச்சயம். புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடினால் ஸ்பீடைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும். முன்சீட்டுக் காலடியில் மேட் நனைந்தால் ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் குழாய் அடைப்பு. டேஷ்போர்டுக்குள் 'டிக் டிக்' என்று விடாமல் சத்தம் வந்து, கூலிங்கை முழுதாக வைத்தும் சூடாகவே காற்று வந்தால், ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் மூடியின் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

கேஸ் லைனில் மட்டும் கை வைக்காதீர்கள். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்134ஏ கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. பீய்ச்சி அடித்தால் தோலும் கண்ணும் உறைந்துவிடும். ஆன்லைனில் விற்கிற கேனை வாங்கி அளவு தெரியாமல் ஏற்றுவதும் உருப்படாது: கேஸ் கூடினாலும் கூலிங் குறையும். ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களில் கம்ப்ரசருக்கே ஹை வோல்டேஜ் போகிறது, பக்கத்திலேயே போக வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது, குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து கசியும். அந்த இடத்தை போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். முதலில் லீக் டெஸ்ட், லீக்கை அடைத்த பிறகு வேக்குவம் (குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), கடைசியாக பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி கேஸ். பார்த்ததும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் என்றால் வேறு கடை பாருங்கள்.