பள்ளி முடித்ததும் நேரே என்பிஏவா?

ஐயா, டல்லாஸில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகன், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவுக்கு நேரே போகவேண்டுமென்று, ‘கூடைப்பந்து நட்சத்திரம் கோபி பிரையன்ட் போகவில்லையா, எனக்கு எதற்குக் கல்லூரி?’ என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தக் கதவு மூடி வெகுநாளாகிறது. 2006 முதல், டிராஃப்டுக்கு, அதாவது என்பிஏ அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வுக்கு, வரும் அமெரிக்க வீரருக்கு அந்த ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். அவருடைய பள்ளி வகுப்பு முடிந்து ஓராண்டும் கடந்திருக்க வேண்டும். ஆகவே அந்த ஓராண்டை எங்கே கழிப்பது என்பதுதான் கேள்வி.

கோபியைப் பார்ப்பவனுக்குக் கொர்லியோன் யங்கையும் காட்டுங்கள். 1998இல் பள்ளியிலிருந்து நேரே வந்தவர். இரண்டாம் சுற்றில், 40ஆவதாக டெட்ராய்ட் அணி எடுத்தது. முதல் சுற்றில் எடுக்கப்படுபவருக்குச் சம்பள உறுதி உண்டு, இரண்டாம் சுற்றில் அது இல்லை. அவர் என்பிஏவில் ஆடியது மூன்றே ஆட்டங்கள். நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அந்த ஓராண்டைக் கல்லூரியில் கழிக்காமல், பிராண்டன் ஜென்னிங்ஸ் போல ரோமுக்குப் போய் ஆடி, மறு ஆண்டு 10ஆவதாகத் தேர்வானவரும் உண்டு. ஆனால் 18 வயதில் அந்தத் தனிமையை உங்கள் மகன் தாங்குவானா? பணம்தான் காரணமென்றால், 2021 ஜூலை முதல் கல்லூரி வீரரும் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். கல்லூரி அணியில் ஆடும் தகுதி என்னவாகும் என்று விசாரிக்காமல் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட விடாதீர்கள்.