அதிகாலையில் 52: போனும் எழுப்பவில்லை, உடம்பும் எழுப்பவில்லை

கேள்வி: எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், 19 வருடமாக இன்சுலின். போன் அப்டேட் ஆனதிலிருந்து, சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கக் கையில் ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் சென்சாரின் செயலி ‘இந்தப் போனுக்குப் பொருந்தாது’ என்கிறது. போன வாரம் அதிகாலை 3 மணிக்குச் சர்க்கரை 52 வரை இறங்கியிருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை, காலையில் வரைபடத்தில்தான் பார்த்தேன். பயந்துபோய் இரவு இன்சுலினைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். புதுப் போன் வாங்க வேண்டுமா? ப்ளூடூத் கதிர்வீச்சு கெடுதலா? விரலில் குத்திப் பார்த்தால் 15 புள்ளி வித்தியாசம் வருகிறதே?

பதில்: போனைப் பிறகு பார்ப்போம். 54-க்குக் கீழே போனாலே அது ஆபத்தான இறக்கம். அப்போது வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று உடம்பு எழுப்பிவிட வேண்டும். உங்களை எழுப்பவில்லை. பகலில் 70-க்குக் கீழே போகும்போதாவது தெரிகிறதா? அதுவும் தெரியவில்லை என்றால் இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை அடிக்கடி இறங்கினால், எச்சரிக்கும் அட்ரினலின் மெல்ல மழுங்கிவிடும். சில வாரங்கள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் அந்த உணர்வு பலருக்கும் ஓரளவு திரும்பி வருகிறது. அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

சென்சார் உள்ள கை அழுந்தும்படி படுத்தாலும் எண் பொய்யாக இறங்கும். ஆனால் அப்படித்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். வரைபடத்தை மருத்துவர் பார்க்கட்டும்.

இன்சுலினைப் பாதியாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைக்க வேண்டியும் இருக்கலாம். ஆனால் எவ்வளவு என்பதைப் பயம் முடிவு செய்யக் கூடாது. டைப் 1-இல் இன்சுலின் போதாவிட்டால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறும், அதுவும் உயிருக்கு ஆபத்து. இன்றே மருத்துவருக்குப் போன் செய்து அளவைக் கேளுங்கள்.

சரி, போன். போன் துண்டிக்கப்பட்டாலும் சென்சார் சில மணி நேர அளவீடுகளைத் தன்னிடம் வைத்திருந்து, இணைந்ததும் அனுப்பிவிடும். அதனால் காலையில் வரைபடம் முழுதாகத் தெரியும், எல்லாம் வேலை செய்தது போலவே இருக்கும். கடந்துபோன நேரத்துக்கான அலாரம் மட்டும் அடிக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 பிப்ரவரியில் இதைப் பற்றித்தான் எச்சரித்தது: போன் அப்டேட், அமைப்பு மாற்றம், புதிதாக இணைத்த ஹெட்போன் என எதனாலும் அலாரம் தவறலாம்.

புதுப் போன் வாங்கும் முன், உங்கள் மாடலும் அதன் மென்பொருள் பதிப்பும் சென்சார் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் வரும்வரை தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். பேட்டரி சேமிப்பு இந்தச் செயலியை முடக்காமலும், ‘தொந்தரவு செய்யாதே’ அமைப்பு அலாரத்தைத் தடுக்காமலும் இருக்க வேண்டும். உங்கள் சென்சாருக்குத் தனி ரிசீவர் (போனுக்குப் பதிலாக எண்ணைக் காட்டி அலாரம் அடிக்கும் சிறு கருவி) கிடைத்தால் இரவுக்கு அதுவே மேல். வீடியோ பார்த்து, எங்கிருந்தோ இறக்கிய மாற்றுச் செயலியை மட்டும் போடாதீர்கள். அது காட்டும் எண்ணை நம்பி இன்சுலின் போடப் போகிறவர் நீங்கள்.

15 புள்ளி வித்தியாசம் சாதாரணம். சென்சார் அளப்பது திசு நீரை, அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கும். ப்ளூடூத் பயத்தை விட்டுவிடுங்கள்.

போன் சரியாகும்வரை படுக்கும் முன்பும் அதிகாலை 3 மணிக்கும் விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள்: நீங்கள் நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், சர்க்கரையை ஏற்றும் மருந்தான குளுக்ககான் இருந்தால் கொடுத்துவிட்டு, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.