1846 மெக்சிகோ போர்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: சார், முதலில் சுட்டது மெக்சிகோதானே? அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தியது என்று அதிபர் போல்க் சொன்னாரே?

பதில்: முதலில் இன்றைய வரைபடத்தை மூடி வையுங்கள். இந்தப் போரைப் பற்றிய பாதிக் குழப்பம் அதிலிருந்துதான் வருகிறது. டெக்சாஸின் எல்லை நூசெஸ் ஆறு என்றது மெக்சிகோ. இல்லை, இன்னும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே என்றது, 1845இல் அமெரிக்காவோடு இணைந்த டெக்சாஸ். நடுவில் கிடந்த நிலம் தகராறில் இருந்தது. 1846 ஜனவரியில் ஜெனரல் டெய்லரின் படையை அங்கே போகச் சொன்னவர் போல்க். ஏப்ரல் 25 அன்று மோதல் நடந்தது. அந்தச் செய்தி மே 9 மாலைதான் வாஷிங்டனுக்கு வந்தது. ஆனால் போர் கேட்டு காங்கிரஸுக்குப் போவது என்று அமைச்சரவை அன்று பகலிலேயே பேசி முடித்துவிட்டது! செய்தி காரணத்தைத் தரவில்லை, வசதியைத் தந்தது. படைக்கான நிதி மசோதாவின் முகப்பிலேயே 'மெக்சிகோவின் செயலால் போர் மூண்டுவிட்டது' என்று எழுதிவிட்டார்கள். எதிர்த்து வாக்களித்தால் சிப்பாய்க்குத் துரோகம் செய்தவர் என்ற பெயர் வரும். பிரதிநிதிகள் சபையில் 174 பேர் ஆதரவு, 14 பேர் மட்டும் எதிர்ப்பு. அந்த 14 பேரில் முன்னாள் அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸும் ஒருவர்.

கேள்வி: கலிபோர்னியா உட்பட மெக்சிகோவின் வடக்கு நிலத்தை ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்துத்தானே வாங்கினார்கள்? அப்புறம் எப்படி அபகரிப்பு?

பதில்: 1848 பிப்ரவரி 2 அன்று, போரை முடித்த குவாதலூப்பே இதால்கோ ஒப்பந்தம் கையெழுத்தானபோது மெக்சிகோ நகரமே அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. போருக்கு முன்பு பேரம் பேச வந்த தூதரை மெக்சிகோ ஏற்கவே இல்லை. விற்க மறுத்தவரின் வீட்டுக்குள் படையோடு நுழைந்து பணத்தை வைத்தால் அதற்கு விற்பனை என்று பெயரில்லை.

கேள்வி: அலாஸ்காவும் இப்படி வந்ததுதானா?

பதில்: இல்லை. அது 1867இல் ரஷ்யா விற்றது.

கேள்வி: அடிமை மாநிலங்களைப் பெருக்கத் தெற்கத்தியர் செய்த சதி இது. நேராகச் சொல்லுங்களேன்.

பதில்: சதி என்று சுருக்கினால் சுவையான பகுதி தவறிப்போகும். அடிமைமுறைக்காக வாதாடிய பெரிய தெற்கத்திய செனட்டர் கால்ஹூன், செனட்டில் போர் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை. மெக்சிகோ முழுவதையும் சேர்க்கலாம் என்ற கூச்சலையும் 1848 ஜனவரியில் எதிர்த்தார். அவர் சொன்ன காரணம் அசிங்கமானது: இது வெள்ளையரின் அரசு என்றார்.

கேள்வி (அதே நண்பர்): அப்படியானால் வில்மட் திருத்தம் எதற்கு வந்தது?

பதில்: நல்ல கேள்வி. 1846 ஆகஸ்டில், கிடைக்கும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற திருத்தத்தைக் கொண்டுவந்த வில்மட், போல்க்கின் சொந்தக் கட்சிக்காரர், பென்சில்வேனியாக்காரர். அவருடைய கவலை கறுப்பினத்தவருக்காக அல்ல. புதிய நிலம் வெள்ளை உழைப்பாளிக்கே வேண்டும் என்றார். ஆனால் வாக்கெடுப்பைப் பாருங்கள். விக், ஜனநாயகக் கட்சி என்று அன்றைய இரு பெரிய கட்சிகளாகப் பிரிய வேண்டிய சபை வடக்கு, தெற்கு என்று பிரிந்தது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் நின்றுபோனது. 1861இல் உள்நாட்டுப் போராக வெடித்த பிளவை நான் இங்கிருந்துதான் தொடங்கிச் சொல்வேன். உங்கள் வாதத்தில் உண்மை உண்டு. போரை மூட்டியதில் அல்ல, போர் விட்டுப்போனதில்.

கேள்வி: ஒன்றரைக் கோடி கொடுத்தார்களே, சார்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: எந்தத் துப்பாக்கிகள் பயன்பட்டன?

பதில்: அது என் துறை இல்லை. ராணுவ வரலாறு படித்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பணம் வாங்கிய பிறகு மெக்சிகோவுக்கு என்ன குறை?

பதில்: மூன்றாவது முறை. இனி இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் நிலம் என்ன ஆயிற்று?

பதில்: இதை ஒருவராவது கேட்டீர்களே! மறுபடியும் சொல்கிறேன், வரைபடத்தை மூடுங்கள். கோமான்சே, அப்பாச்சி என்ற பூர்வகுடி மக்களின் நாட்டை அவர்களைக் கேட்காமலே இரண்டு அரசுகளும் கைமாற்றிக்கொண்டன. மெக்சிகோ வழங்கிய நில உரிமைகளைக் காக்கும் 10ஆவது பிரிவை அமெரிக்க செனட் ஒப்பந்தத்திலிருந்து வெட்டி எறிந்தது. 1851இல் வந்த சட்டம், கலிபோர்னியாவில் அந்த உரிமை வைத்திருந்தவரே ஆணையத்தின் முன் அதை நிரூபிக்க வேண்டும் என்றது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஜெயித்தவர்களிலும் பலர் வக்கீல் கட்டணத்துக்காக அதே நிலத்தை விற்றார்கள்.