வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் வெளிநாட்டில் படிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் கடலூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம் படிக்கிறாள். இதுவரை 82 சதவீதம், அரியர் கிடையாது. வெளிநாட்டில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்படுகிறாள். புதுச்சேரியில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்பு, 22 லட்சம் ஃபீஸில் 4 லட்சம் ஸ்காலர்ஷிப், மற்ற செலவோடு 30 லட்சம் ஆகும் என்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் 75 ஆயிரம் கட்டினால்தான் இடம் உறுதியாம். கணவருக்கு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை, நான் தையல் வேலை செய்கிறேன். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு. பத்திரத்தை பேங்கில் வைத்து லோன் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

பத்திரத்தை வைக்காதீர்கள். அந்த 75 ஆயிரத்தையும் இப்போது கட்ட வேண்டாம். உங்கள் மகள் வெளிநாட்டில் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். 82 சதவீதத்தோடு அரியர் இல்லாமல் வேதியியல் படிக்கும் பெண்ணுக்கு வீட்டை அடகு வைக்காமலே போக வழி இருக்கிறது.

முதலில் அந்த 30 லட்சத்தைப் பாருங்கள். 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒரு வருடமும் வேலை தேட பேங்க் தரும் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருடத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மாதம் 50 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். அங்கே நல்ல வேலை கிடைத்தால் சமாளித்துவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால் அந்தத் தவணை உங்கள் தையல் மெஷின் மேல் வந்து நிற்கும். 22 லட்சத்தில் 4 லட்சம் குறைப்பது தள்ளுபடி. அதை ஸ்காலர்ஷிப் என்று சொன்னாலும், நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கழித்தது போக நம் கையிலிருந்து எவ்வளவு போகிறது?

கன்சல்டன்சிகளுக்கு வரும் கமிஷனைப் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களே கொடுக்கின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு உங்கள் மகளே நேரடியாக விண்ணப்பித்தால் நடுவில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதனால்தான் அந்தப் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்காது. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஃபீஸ் கிடையாது, அரையாண்டுக்கு ஒரு சிறு தொகை மட்டும் கட்ட வேண்டும். விதிவிலக்குகளும் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது ஃபீஸ் வாங்குகிறது.

இதில் பலரைப் பயமுறுத்துவது பிளாக்டு அக்கவுண்ட். விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நம் பணத்தில் கிட்டத்தட்ட 12 லட்சம். இதை ஃபீஸ் என்று நினைத்து ஒதுங்கிவிடுபவர்கள் நிறைய. அது உங்கள் மகளின் சொந்தச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான பணம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே வரும். படிக்கும்போது வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்கவும் அனுமதி உண்டு. இதோடு, நம் ஊர் மதிப்பெண் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு 18 ஆயிரம் ரூபாய். ஆக, முதல் வருடத்துக்கான இந்த 12 லட்சத்துக்கும் அந்த 30 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீடு. 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமல் கல்விக்கடன் கேட்கலாம், வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மீதிக்கு என்ன செய்வது என்பதை மட்டும் யோசித்தால் போதும்.

எராஸ்மஸ் முண்டஸ் என்ற ஐரோப்பிய உதவித்தொகையையும் மகள் கண்டிப்பாகத் தேடிப் பார்க்கட்டும். வேதியியல் சார்ந்த எம்.எஸ்சி. படிப்புகள் அதில் இருக்கின்றன. ஃபீஸ் முழுக்க அவர்களுடையது, மாதம் 1,400 யூரோவும் தருவார்கள், குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கலாம். போட்டி கடுமைதான். ஆனாலும் விண்ணப்பிக்கப் பணம் கேட்பதில்லை. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரிலிருந்து ஜனவரி வரை விண்ணப்பிக்கலாம்.

பக்கத்திலேயே புதுச்சேரி இருப்பதால் பிரான்ஸைப் பற்றியும் கேட்பார்கள். அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி.க்கு 2019-ல் நிர்ணயித்த ஃபீஸ் வருடத்துக்கு 3,770 யூரோ, பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது. இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆனால் அங்கே பிரெஞ்சு தெரியாமல் காலம் தள்ளுவது சிரமம். புதுச்சேரி சுஃப்ரேன் வீதியில் பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஆர்வம் இருந்தால் இப்போதே சேரட்டும்.

சரி, இனி நான் மிகவும் நம்புவதைச் சொல்கிறேன். அறிவியல் படிப்பவர்கள் எவ்வளவு மேலே போகிறார்களோ, அந்த அளவுக்கு வெளிநாட்டுக்காரர்களே செலவை ஏற்றுக்கொள்கிறார்கள். எம்.எஸ்சி.க்கு நாம் பணம் கட்டுகிறோம். பி.எச்டி.க்கு அவர்கள் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அமெரிக்காவில் வேதியியல் பி.எச்டி.க்கு இடம் கிடைத்தால் பொதுவாக ஃபீஸ் தள்ளுபடியோடு மாத உதவித்தொகையும் வரும், பதிலுக்கு ஆய்வகத்தில் கற்பிக்கவோ ஆய்வு செய்யவோ வேண்டும். ஜெர்மனியில் பி.எச்டி. மாணவர்கள் பலர் சம்பள ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள். இன்னொன்று, நம் மூன்று வருட பி.எஸ்சி.யை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல போதுமானதாக ஏற்பதில்லை. எம்.எஸ்சி. முடித்துவிட்டால் அந்தத் தடையும் விலகிவிடும்.

அதனால் மகள் இந்த வருடம் ஐஐடிகளுக்கான ஜாம் தேர்வுக்கும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பி.ஜி. தேர்வுக்கும் தயாராகட்டும். காலாப்பட்டில் இருக்கும் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். அங்கே எம்.எஸ்சி. இரண்டு வருடத்துக்கு ஆகும் செலவு, இங்கிலாந்து ஃபீஸில் ஒரு சிறு பகுதிகூட இருக்காது. அந்த இரண்டு வருடத்தில் ஆங்கிலத் தேர்வு எழுதி, நல்ல ஆய்வுத் திட்டம் ஒன்றைச் செய்து, பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கிவிட்டால் அவள் தைரியமாகக் கதவைத் தட்டலாம். "ரெண்டு வருஷம் லேட் ஆகிவிடுமே" என்று மகள் சொல்வாள். 22 வயதுப் பெண்ணுக்கு அது தாமதமே இல்லை. இதை அவளிடம் நீங்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோழிகள் விமானம் ஏறும்போது அவள் மனம் வேதனைப்படும்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் என்றால் கணக்கே மாறிவிடும். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு உண்டு. அது நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பங்களுக்கும் பொருந்தும். பழங்குடியினருக்குத் தனித் திட்டம் இருக்கிறது, அதன் வருமான வரம்பு வேறு. தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் வருடத்துக்கு 36 லட்சம் வரை கிடைக்க வழி உண்டு. கலெக்டர் ஆபீஸில் ஆதிதிராவிடர் நலப் பிரிவில் போய்க் கேளுங்கள். ஆபீஸ் காகித வேலைகளில் தாமதம் ஆகும், அதனால் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

மகளின் ஐந்து செமஸ்டர் மதிப்பெண், வருமானச் சான்றில் உள்ள தொகை, எந்தப் பிரிவு என்பதை எழுதி அனுப்புங்கள். எந்த எந்தப் படிப்புக்கு எந்த மாதத்தில் விண்ணப்பிக்கலாம் என்று பெயர் குறித்து அடுத்த இதழில் எழுதுகிறேன்.