வண்டிச் சத்தம் கலக்காமல் காட்டு ஒலிகளைப் பதிவு செய்வது எப்படி?

விடியலில் பறவைக் குரல்களைப் பதிவு செய்தால் தூரத்து நெடுஞ்சாலை இரைச்சலும் கூடவே விழுகிறது, மென்பொருளில் நீக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுதாக நீக்க முடியாது. 100 ஹெர்ட்ஸுக்கு (சுருதியின் அலகு) கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் லாரி எஞ்சின் உறுமல் குறையும். ஆனால் வேகமாகப் போகும் வண்டிகளில் டயர் சாலையில் உருளும் இரைச்சல்தான் பெரிது. அது 1000 ஹெர்ட்ஸை ஒட்டிக் குவிகிறது. அங்கே கை வைத்தால் செம்போத்து, ஆந்தை, புறா குரல்களும் சேர்ந்து போய்விடும்.

எனவே இடத்தைத் தேர்வதுதான் முக்கால்வாசி வேலை. ஒற்றை வண்டியின் சத்தம், தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். இடைவிடாமல் வண்டி ஓடும் சாலையோ நீண்ட கோடுபோல ஒலிப்பதால் 3 டெசிபல்தான் குறையும். 1 கிலோமீட்டர் தள்ளி நின்றவர் 2 கிலோமீட்டருக்கு நடந்தாலும் கிடைக்கும் லாபம் ஏறக்குறைய அவ்வளவே. நாலைந்து வரிசை மரங்களாலும் பெரிய பயனில்லை. நடுவே ஒரு குன்று இருக்கும் இடமாகப் பாருங்கள். காற்று உங்களிடமிருந்து சாலைப் பக்கம் வீச வேண்டும்.

விடியலில் ஒரு சிக்கல் உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெப்பமாக நிற்கும். மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கு இறங்கும். மார்கழி அதிகாலையில் அடுத்த ஊர்க் கோயில் ஒலிபெருக்கி தெளிவாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயில் ஏறியதும் இந்த நிலை கலையும். பறவைகள் விடியலில் ஒன்றாகப் பாடும் சேர்ந்திசை அடங்கியிருந்தாலும் தனிக் குரல்களுக்கு அந்த நேரம் நல்லது.

கருவியில் முதலில் பார்க்க வேண்டியது மைக்கின் சொந்த இரைச்சல், அதாவது மைக் தானே உண்டாக்கும் சீற்றம். அமைதியான காடு 20 டெசிபலுக்கும் கீழே போகும். கைபேசி மைக்கின் இரைச்சலே 30 டெசிபலை நெருங்கும். சொந்த இரைச்சல் 10 டெசிபலுக்குக் குறைவான மைக் வேண்டும். வெறும் ஸ்பாஞ்ச் உறை காற்றைத் தாங்காது, மயிர் உறை போடுங்கள். ஈரப்பதத்தில் கண்டென்சர் வகை மைக்கில் படபடவென்ற வெடிப்பொலி எழும். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இருக்கட்டும். பதிவுக் கருவியின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு என்று வையுங்கள்: மணிக்கு 1 ஜிபி ஆகும். ஓடவிட்டு 30 மீட்டர் விலகிப் போய்விடுங்கள். துணி உரசும் சத்தம்கூட விழும்.

இவ்வளவு சிரமம் தேவைதான். நெதர்லாந்தின் லைடன் நகரில், இரைச்சல் மிகுந்த இடத்துப் பட்டாணிக் குருவிகள் தாழ்ந்த சுரங்களைக் குறைத்துப் பாடுவதை 2003இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரைச்சல் குரலையே மாற்றுகிறது என்றால், மாறாத குரல்கள் இன்றே பதிவாக வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வாங்குங்கள். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிடாதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு விரட்ட வரும், முட்டைகள் கவனிப்பாரற்றுக் கிடக்கும்.