பந்து போகுமுன்பே டோனி ரோமோ சொல்வது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். வர்ணனையில் டோனி ரோமோ, பந்து யாருக்குப் போகும் என்று முன்னதாகவே சொல்லிவிடுகிறார். பார்வையாளராக நாமும் அதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: பெருமளவு முடியும். பந்தை விட்டுவிட்டுத் தற்காப்பு அணியைப் பாருங்கள்.

2003-இல் டிராஃப்டில் (அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எந்த அணியும் எடுக்காத ரோமோ, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியில் குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சேர்ந்து, 2006 வரை வழக்கமான சீசன் ஆட்டங்களில் ஒரு பாஸ்கூட எறியாமல் காத்திருந்தார். 2017-இல் ஓய்வு பெற்ற கையோடு சிபிஎஸ் தொலைக்காட்சியின் முதன்மை வர்ணனையாளரானார். குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டில் கேட்கும் பயிற்சியாளரின் குரல், அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது நின்றுவிடும். அதன்பின் எதிரணியின் நிலையைப் படிப்பது குவாட்டர்பேக்கின் பொறுப்பு. ரோமோ அதே வேலையைத்தான் இப்போது வாய்விட்டுச் செய்கிறார்.

முதலில் சேஃப்டிகளை (தற்காப்பு அணியில் கடைசியாகப் பின்னால் நிற்பவர்கள்) எண்ணுங்கள். பின்னால் இருவர் ஆழமாக நின்றால் நீண்ட பாஸ் கடினம். முன்வரிசையில் ஆள் குறைவதால் பந்தை ஏந்தி ஓடுவது எளிது. நடுவில் ஒருவர் மட்டும் நின்றால், விளிம்பில் இருக்கும், பாஸைப் பிடிக்கும் ரிசீவர் பெரும்பாலும் ஒரே ஒரு தற்காப்பாளரை நேருக்கு நேர் சந்திப்பார். 2019 ஜனவரியில் பேட்ரியட்ஸ் – சீஃப்ஸ் ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் ராப் கிராங்கவ்ஸ்கி விளிம்பில் நின்றபோது, சேஃப்டி முன்னேறி வந்தால் பந்து அங்கேதான் என்று ரோமோ சொன்னது இந்தக் கணக்கில்தான்.

அடுத்து, ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் குறுக்கே ஓடும் ஆட்டக்காரர். தற்காப்பாளர் ஒருவர் அவர் கூடவே ஓடினால் ஆளுக்கு ஆள் காவல். எல்லோரும் சற்றே நகர்ந்து நின்றுவிட்டால் அநேகமாகப் பகுதிக் காவல் (ஆளை அல்ல, இடத்தைக் காப்பது). டவுனையும் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று) மறக்காதீர்கள்: மூன்றாவது டவுனில் 8 யார்டு தேவை என்றால் பாஸ்தான் அதிகம் வரும்.

கணிப்பு தவறுவது பெரும்பாலும் அவசரத்தால். இரண்டு சேஃப்டிகளைக் காட்டிவிட்டு, ஸ்னாப் ஆனதும் ஒருவர் முன்னே இறங்கி வருவது இன்று சாதாரணத் தந்திரம். அதனால் கடைசி இரண்டு வினாடியில் மறுபடி எண்ணுங்கள். ஸ்னாப்புக்குப் பின்னும் சேஃப்டியையே பாருங்கள்.

வழக்கமான பக்கவாட்டுக் கேமராவில் சேஃப்டிகள் பல நேரம் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். என்.எஃப்.எல். பிளஸ் கட்டணச் சேவையில் 22 பேரும் தெரியும் பதிவு கிடைக்கும். அதில் ஒரே அணியின் ஒரு டிரைவை (பந்து கைக்கு வந்தது முதல் கைமாறும் வரையான தொடர்) எடுத்து, ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முன் நிறுத்தி, உங்கள் ஊகத்தை எழுதிவிட்டு ஓடவிடுங்கள்.